நுரையீரல் நோயை முப்பது வயதில் தேடினால் போதாது

மூச்சிரைப்போடு வரும் அறுபது வயதுக்காரரிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, பீடி சிகரெட் பழக்கம் உண்டா என்பதுதான். உண்டு என்றால் காரணம் கிடைத்துவிடுகிறது. இல்லையென்றால் விறகடுப்பு, பஞ்சாலை, கல்குவாரி என்று விசாரணை நீளும். மாதம் நிறைந்து பிறந்தீர்களா, பிறந்தபோது எத்தனை கிலோ, இரண்டு வயதுக்குள் நிமோனியா கண்டதா, பள்ளி நாட்களில் வீசிங் இருந்ததா என்ற கேள்விகள் அநேகமாக எழுவதில்லை. எழுந்தாலும் பதில் சொல்லப் பெரும்பாலும் ஆளிருக்காது. மருத்துவமனைகளில் சி.ஓ.பி.டி. என்று சொல்லப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயை, புகையும் தூசியும் ஒரு நல்ல நுரையீரலை மெல்ல மெல்லத் தேய்த்த கதையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. உயிரிழப்புக் காரணங்களில் இதயநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். இவ்வளவு பெரிய நோயில் பாதியைத்தான் நாம் விசாரிக்கிறோம் என்பது என் வாதம். தேயத் தொடங்கும் முன்பு அந்த நுரையீரல் வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்ததா என்பது கேட்கப்படாத மறுபாதி.

நுரையீரல் உருவாகும் வரிசையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 23 அடுக்குகளாக உள்ளே இறங்குகிறது. இதில் காற்றைக் கொண்டுசெல்ல மட்டுமே பயன்படும் கிளைகளின் எண்ணிக்கை கருவின் 16, 17ஆம் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை வெளியே சொல்லத் தொடங்கும் நேரம் அது. அதன்பின் புதுக் கிளை முளைப்பதில்லை. இருப்பவை நீளும், அகலும், அவ்வளவே. காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜனை மாற்றித்தரும் நுண்ணறைகளின் கதை வேறு. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அவை உருவாகத் தொடங்குகின்றன. பிறக்கும்போது சுமார் 5 கோடியாக இருப்பவை, வளர்ந்த மனிதரிடம் 30 முதல் 50 கோடிவரை பெருகியிருக்கும். இந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நடக்கிறது; மெதுவான வளர்ச்சி பள்ளிப் பருவம் முழுக்கத் தொடர்கிறது. இருபதுகளின் தொடக்கத்தில் நுரையீரல் தன் உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு, புகையையே அறியாத உடலிலும், இறக்கம்தான். ஆக, ஒருவர் எழுபது வயதில் எப்படி மூச்சுவிடுவார் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன: எந்த உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கினார், எவ்வளவு வேகமாக இறங்கினார். இதில் குழாயின் குறுக்களவு தரும் தண்டனை கடுமையானது. குழாயின் ஆரம் பாதியானால், அதில் சீராக ஓடும் காற்றுக்கான தடை இருமடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. சிறு வயதில் விட்டுப்போன அரை மில்லிமீட்டருக்கு முதுமையில் விலை கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

மருத்துவம் நெடுங்காலம் இரண்டாவது அளவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. 1977இல் பிரிட்டனின் சார்லஸ் ஃபிளெட்சரும் ரிச்சர்ட் பீட்டோவும், மேற்கு லண்டனில் வேலைசெய்த 792 ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புகைப்பவரின் கோடு செங்குத்தாகச் சரியும். விட்டுவிட்டால் சரிவு மட்டுப்படும். புகையை விடச் சொல்வதற்கு அதைவிட நல்ல படம் இன்றுவரை கிடையாது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே உயரத்தில் தொடங்கின. வாழ்க்கையில் அவை ஒரே உயரத்தில் தொடங்குவதில்லை. 2015இல் பீட்டர் லாங்கெ குழுவினர் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் பல்லாண்டுகள் தொடரப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நாற்பது வயதுக்கு முன்பே, முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு எதிர்பார்ப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 22 ஆண்டுகளில் மூச்சடைப்பு நோய் வந்திருந்தது. நல்ல அளவோடு தொடங்கியவர்களில் அது 7 சதவீதம். இன்னும் முக்கியமானது, நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் நுரையீரல் வேகமாகத் தேயவே இல்லை. எல்லோரையும்போல ஆண்டுக்கு சுமார் 27 மில்லிலிட்டர்தான் இழந்தார்கள். தொடங்கிய இடம் தாழ்வாக இருந்தது, அதனால் எல்லோரையும்போல நடந்தே பள்ளத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

தொடக்கம் ஏன் தாழ்ந்தது என்பதற்கான தடயங்களும் நம்மிடம் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகச் சென்று, குழந்தையின் பிறப்பு எடை, ஓராண்டு நிறைவில் எடை, இடையில் கண்ட நோய்கள் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு டேவிட் பார்க்கரும் சகாக்களும் அந்தப் பேரேடுகளைப் பிரித்து, 1911 முதல் 1930 வரை அங்கே பிறந்த ஆண்களைத் தேடிப்போனார்கள். 1991இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கும், முதல் வயதில் மூச்சுக்குழல் அழற்சியோ நிமோனியாவோ கண்டவர்களுக்கும், அறுபது வயதையொட்டி மூச்சின் அளவு குறைந்திருந்தது. புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் அந்த வேறுபாடு நின்றது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 1968இல் ஏழு வயதிலிருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடமிருந்து தொடங்கி, 53 வயதுவரை தொடர்ந்த ஆய்வு இதை வேறு வழியில் காட்டியது. அவர்களின் நுரையீரல் பயணத்தை ஆறு பாதைகளாகப் பிரித்துப் பார்த்தபோது, நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மூன்று பாதைகளிலிருந்தே வந்திருந்தார்கள். மூன்றுமே சிறுவயதில் சராசரிக்குக் கீழே தொடங்கிய பாதைகள். சிறுவயது ஆஸ்துமா, நிமோனியா, தாயின் புகைப்பழக்கம் ஆகியவை அந்தப் பாதைகளோடு பின்னிக் கிடந்தன.

இதிலெல்லாம் ஊதும் காற்றைத்தான் அளந்தார்கள். குழாயை நேரில் பார்க்கவில்லை. அந்தக் குறை சி.டி. ஸ்கேனால் தீர்ந்தது. நுரையீரல் பெரிதாக வளர்ந்தும் மூச்சுக்குழாய்கள் அதற்கு ஈடாக வளராமல் போகலாம் என்று ஹார்வர்டின் ஜெரே மீட் குழுவினர் 1974லேயே ஊகித்திருந்தார்கள். ஆயக்கட்டு விரிந்துகொண்டே போக, வாய்க்கால் மட்டும் பழைய அகலத்திலேயே இருந்தால் கடைமடைக்கு என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். 2020இல் பெஞ்சமின் ஸ்மித் குழுவினர் அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களில் குழாயின் அகலத்தை நுரையீரலின் அளவோடு ஒப்பிட்டார்கள். குழாய் குறுகியவர்களிடம் மூச்சடைப்பு நோய் பல மடங்கு அதிகமாக இருந்தது. வாழ்நாளில் புகைக்காமலே நோய் வந்தவர்களின் குழாய்கள் வழக்கத்தைவிடக் குறுகலாக இருந்தன. நெடுங்காலம் நிறையப் புகைத்தும் நோய் வராதவர்களின் குழாய்கள் வழக்கத்தைவிட அகலமாக இருந்தன. ‘எங்கள் தாத்தா ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்துவிட்டுத் தொண்ணூறு வயதுவரை இருந்தாரே’ என்று ஊருக்கு ஊர் கேட்கிற வாதத்துக்கான விடையில் ஒரு பங்காவது இங்கே இருக்கிறது. தாத்தாவுக்கு வாய்த்த குழாய் பேரனுக்கு வாய்த்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான அச்சம் எழும். பிறப்பின் மீதும் குழந்தைப் பருவத்தின் மீதும் பழியைப் போட்டால் புகையிலை நிறுவனங்கள் தப்பித்துவிடாதா? தப்பிக்க வழியில்லை. லாங்கெ ஆய்விலேயே மறுபாதி நோயாளிகள் நல்ல நுரையீரலோடு தொடங்கி ஆண்டுக்கு 53 மில்லிலிட்டர் வீதம் இழந்தவர்கள். தாழ்வாகத் தொடங்கியவருக்கோ புகையின் ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பு நஷ்டம், இழப்பதற்கு அவரிடம் இருப்பதே குறைவு. போதாக்குறைக்கு, தொடக்கத்தைத் தாழ்த்தும் காரணங்களில் ஒன்று மற்றவர் விடும் புகை. ஸ்காட்லாந்தில் 2006இல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. அதற்கு முன் ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் கூடிக்கொண்டிருந்த குழந்தைகளின் ஆஸ்துமா மருத்துவமனைச் சேர்க்கை, தடைக்குப் பின் ஆண்டுக்கு 18 சதவீதம் வீதம் குறைந்தது. சொந்த நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளும் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புகைக்கும்போது யாருடைய நுரையீரல் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசலாம்.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும்: பதினாறாம் வாரத்திலேயே முடிந்துபோகிற விஷயத்துக்கு யார் என்ன செய்ய முடியும், தலையெழுத்து என்று விட வேண்டியதுதானே? முடிந்துபோவது கிளைகளின் எண்ணிக்கை மட்டும். அவற்றின் அகலமும் நுண்ணறைகளின் பெருக்கமும் இருபது ஆண்டுகள் திறந்திருக்கும் கணக்கு. தெற்கு கலிஃபோர்னியா இதற்கு நல்ல சாட்சி. லாஸ் ஏஞ்சலஸ் சுற்றுவட்டாரத்தில் வாகன, தொழிற்சாலைப் புகைக்கான கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகியபோது, அங்கே வெவ்வேறு காலங்களில் வளர்ந்த மூன்று தொகுதிக் குழந்தைகளை 11 வயதிலிருந்து 15 வயதுவரை அளந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அளக்கப்பட்ட முதல் தொகுதியில் 15 வயதில் மூச்சளவு மிகவும் குறைந்திருந்தவர்கள் 7.9 சதவீதம். 2007 முதல் 2011 வரை அளக்கப்பட்ட தொகுதியில் அது 3.6 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. காற்று சுத்தமானது, அவ்வளவுதான். அதேசமயம், மருந்தால் இந்த இழப்பை ஈடுகட்டலாம் என்று நம்புவதற்கு ஆதாரம் குறைவு. ஆஸ்துமா உள்ள 1,041 குழந்தைகளைக் கொண்டு வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து திணறலையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் நன்றாகக் குறைத்தது. நுரையீரலின் வளர்ச்சியை உயர்த்தவில்லை. அந்தக் குழந்தைகளில் நெடுங்காலம் தொடரப்பட்ட 684 பேரில் 11 சதவீதத்தினர், முப்பது வயதுக்குள்ளேயே மூச்சடைப்பு நோயின் அளவுகோலுக்குள் வந்துவிட்டார்கள். இன்ஹேலர் கட்டாயம் வேண்டும். அதைக் கண்டு பயந்து குழந்தையிடமிருந்து ஒளித்துவைக்கும் பெற்றோர் பெரிய தவறு செய்கிறார்கள். ஆனால் இன்ஹேலர் கெட்ட காற்றுக்கு மாற்றாகிவிடாது.

இந்தியர்களைப் பொறுத்தவரை, இந்த வாதத்தில் சங்கடமான ஒரு பகுதி உண்டு. பதினேழு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், வயது, உயரம், பால் ஆகியவற்றைச் சரிக்கட்டிய பின்னும் தெற்காசியரின் மூச்சளவு ஐரோப்பிய, வட அமெரிக்கரைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. ‘நம் உடல்வாகு அப்படி’ என்று இதைக் கடந்துபோவது நீண்டகால வழக்கம். ஊதிப்பார்க்கும் கருவிகளிலும் இனத்துக்கு ஏற்ற திருத்தம் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் ஐரோப்பியருக்குக் குறைபாடு என்று காட்டும் அளவு, நமக்கு இயல்பு என்று அச்சாகி வந்தது. உடற்பகுதிக்கும் கால் நீளத்துக்குமான விகிதத்தில் இனங்களுக்கு இடையே வேறுபாடு இருப்பது உண்மை. இடைவெளியின் ஒரு பகுதிக்கு அது காரணமாகலாம். முழுவதுக்கும் அல்ல. பெங்களூரு நகரத்துப் பள்ளிக் குழந்தைகளையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர், கிராமக் குழந்தைகளையும் பிரிட்டனில் வளரும் இந்திய வம்சாவளிக் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. நகரத்துக் குழந்தைகளின் மூச்சளவு பிரிட்டன் குழந்தைகளின் அளவையே ஒத்திருந்தது. கிராமத்துக் குழந்தைகளுக்கு, ஒரே உயரம் ஒரே வயதிலும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. மரபு ஒன்று, வளர்ந்த இடம் வேறு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூவரில் ஒருவருக்கும் மேல் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்த நாட்டில், உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் அந்த உடலுக்குள் குன்றிய நுரையீரலைப் பற்றியும் யோசிக்க வேண்டாமா? இனத் திருத்தத்தைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2023இல் பரிந்துரைத்துவிட்டது. குறைபாட்டை இயல்பென்று ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை நாமும் விட்டாக வேண்டும்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது, அதை மறைப்பது சரியல்ல. விறகடுப்புக்குப் பதிலாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் என்ன நன்மை என்று சோதிக்க, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. இந்தியப் பகுதி நடந்தது நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி வட்டாரங்களில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் அதை நடத்தியது. கேஸ் பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இருந்தும் குழந்தைகளின் பிறப்பு எடை குறிப்பிடும்படி கூடவில்லை. முதல் வயதில் கடும் நிமோனியாவும் குறிப்பிடும்படி குறையவில்லை. அடுப்பை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று பேசியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் இந்த முடிவிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க வேண்டும். பெண்கள் பரிசோதனையில் சேர்ந்தது கர்ப்பத்தின் 9 முதல் 20 வாரங்களுக்குள். மூச்சுக்குழாய்க் கிளைகள் உருவாகும் காலம் பலருக்கு அதற்குள் பெரிதும் கடந்துவிட்டது. பிறப்பு எடையும் நிமோனியாவும் நுரையீரல் வளர்ச்சியின் நிழல்கள். அவை மாறவில்லை என்பதாலேயே குழாயின் அகலமும் மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. பல தலைமுறையாகக் குறைந்த எடையோடு பிறந்துவரும் குடும்பத்தில் வந்த தாயின் உடல், சில மாதச் சுத்தக் காற்றில் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பதும் அதிகம். நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: கர்ப்பத்தின் நடுவில் ஒரு வீட்டுக்குத் தரும் ஒற்றை உதவி போதாது. பெண் கருவுறுவதற்கு முன்பே அவள் உணவும், அவள் தெருவின் காற்றும், அடுப்பும் சேர்ந்து மாற வேண்டும். அடுப்பு மாற்றத்தை நிறுத்த அது காரணமாகாது. சமைக்கும் பெண்ணின் கண்ணுக்கும் மூச்சுக்கும் அது தரும் நிம்மதி ஒன்றே அதைத் தொடரப் போதுமானது.

இப்போது நம் அரசுத் திட்டங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்க்கலாம். தொற்றாநோய்களைத் தேடும் தேசியத் திட்டத்தில் நாள்பட்ட நுரையீரல் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்காக வீடு வீடாக நிரப்பும் படிவத்தில் சமையல் எரிபொருள் பற்றியும் தொழிலிடப் புகை, தூசி பற்றியும் கேள்விகள் உண்டு. ஆனால் அந்தத் தேடல் முப்பது வயதில்தான் தொடங்குகிறது, நுரையீரல் இறங்குமுகத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு. மறுபுறம், பிறப்பிலிருந்து 18 வயதுவரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போகின்றன. தேட வேண்டிய நோய்களின் பட்டியலில் வீசிங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவாகும் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் உண்டு. பிறப்பு எடையும் பதிவாகிறது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் செவிலியர்கள் பேனாவால் எழுதியதைவிடப் பெரிய பேரேடு நம்மிடம் கணினியில் இருக்கிறது. குறைவது ஒன்றே ஒன்று: பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை ஊதும் காற்றின் அளவு.

பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘உன் நுரையீரல் சராசரிக்குக் கீழே’ என்று சொல்லி என்ன ஆகப்போகிறது, அதற்கு மாத்திரை கிடையாதே என்று மருத்துவர்கள் சிலர் கேட்கலாம். ஆய்வகம் இல்லாத இடத்தில் சரியாக ஊதவைப்பதும் சுலபமில்லை. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் நின்று, மூன்று முறையாவது முழு மூச்சோடு ஊதச் சொல்ல வேண்டும். இரண்டும் உண்மை. ஆனால் அந்த எண்ணால் ஆகும் காரியங்கள் மாத்திரையைவிடப் பெரியவை. கண்டுபிடிக்கப்படாத ஆஸ்துமா தெரியவரும். அந்தப் பிள்ளை பஞ்சாலைக்கோ, கல் உடைக்கும் இடத்துக்கோ, சிமெண்ட் ஆலைக்கோ வேலைக்குப் போவதற்கு முன் யோசிக்க ஒரு காரணம் கிடைக்கும். முதல் சிகரெட்டைப் பற்றவைக்கும் வயதில், தன்னிடம் இருப்பது எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஒன்றியத்தில், எந்த ஆலையைச் சுற்றி, எந்த நெடுஞ்சாலையை ஒட்டிப் பிள்ளைகளின் நுரையீரல் குன்றுகிறது என்பது வரைபடமாக அரசின் கைக்கு வரும். முத்திரை குத்தப்படும் ஆபத்தைத் தவிர்க்க முடிவைப் பெற்றோருக்கு மட்டும் சொல்லலாம், பள்ளிப் பதிவேட்டில் ஏற்றாமல் விடலாம். இனத் திருத்தம் சேர்க்காத அளவுகோலையே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் ‘இயல்பு’ என்று எழுதி அனுப்புவதற்கு இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. மக்கள் நல்வாழ்வுத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து, ஆலைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தையும் வயல்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தையும் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த கல்வியாண்டில் அங்குள்ள பத்தாம் வகுப்பு மாணவர்களின் மூச்சை அளந்து, பிக்மி பதிவிலுள்ள பிறப்பு எடையோடு இணைத்துவைக்கட்டும், முடிவுகளை மாவட்ட வாரியாக வெளியிடட்டும்.